பின் கண்ணாடி இல்லாத எழுபது நாள்

பின் கண்ணாடி உடைந்தது. கீறல், ஓட்டை என்றெல்லாம் இல்லை. ஒரே சத்தம். மொத்தமும் கல் உப்பு மாதிரிக் கொட்டிவிட்டது. அதுதான் நடந்தது.

கேட்டீர்கள், சொல்கிறேன். முதலில் உட்காருங்கள் தம்பி. என் வண்டியில் எத்தனை பர்சென்ட் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டாம், கழற்றினதும் உங்கள் வண்டியை மாட்டலாம். எண்பதைத் தாண்டினால் மெதுவாகத்தான் ஏறும். எனக்குத் தெரியாதா? மின் வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம். ஒயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக வெளியே வந்தவன். கரண்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனால்தான் இந்தக் கரண்டு வண்டியை வாங்கினேன். தாண்டிக்குடிக்கு மேலே காப்பித் தோட்டம். தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் கல் ரோடு, நடுவில் இரண்டு ஓடை. சாதாரணக் கார் போகாது. இது போகும். தண்ணீரில் இறங்கும், பாறையில் ஏறும். எழுபத்தொரு வயசில் எதற்கு இந்த யானை என்று எல்லோரும் கேட்டார்கள். யார் பேச்சை நான் கேட்டேன்?

கார்த்திகை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளும் அவள் வீட்டுக்காரரும் கரூரிலிருந்து வந்திருந்தார்கள். ஒரே மகள். மங்கையர்க்கரசி. அரசி என்று கூப்பிடுவோம். அவள் அம்மா போய் ஆறு வருஷம். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் வந்து போக ஆரம்பித்தார்கள். மாசம் ஒரு தடவை. வந்தால் வரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் பெயரா? பெயர் எதற்கு உங்களுக்கு? கரூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. சர்ச்சில் கல்யாணம். நான் போகவில்லை. மதம், சாதி எல்லாம் எனக்கு ஒன்றும் கிடையாது, தப்பாக நினைக்காதீர்கள். என் ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான். இன்ஜினியருக்குப் படித்த பெண்ணுக்கு இன்ஜினியர் கிடைக்கவில்லையா? அவர் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வேலை. தகரம் வெட்டுவது, கண்ணாடி மாட்டுவது. அவ்வளவுதான். நான் அவரிடம் நீ என்றும் சொன்னதில்லை, நீங்கள் என்றும் சொன்னதில்லை. 'சாப்பாடு ஆச்சா', 'பஸ்ஸுக்கு நேரமாச்சு'. இப்படிப் பேசினால் போதும். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்கு மூணு மணி. அவர்களை ஊரில் பஸ் ஏற்றிவிட வேண்டும். போகிற வழியில் கீழ்த் தோட்டத்துக்காரனிடம் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரும்பு ஏணி. பின் சீட்டில் ஒரு பாதியை மடக்கிப் போட்டு உள்ளே தள்ளச் சொன்னேன். கரூர்க்காரர் தள்ளினார். தள்ளிவிட்டுச் சொன்னார்:

"மாமா, ரெண்டு சாண் வெளிய நிக்குது. பின் கதவ மூட வேண்டாம். மேலயே இருக்கட்டும், கயிறு போட்டுக் கட்டிடறேன்."

கயிறு எடுக்க ஷெட்டுக்குப் போனார். நான் களத்துச் சுவரில் உட்கார்ந்து செருப்பை மாட்டினேன். குனிந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. கொய்யென்று ஒரு சத்தம். பின் கதவு தானாக இறங்குகிறது. தானாக! யாரும் தொடவில்லை. அரசி வாசலில் நிற்கிறாள், அவர் ஷெட்டுப் பக்கமிருந்து கயிற்றோடு ஓடி வருகிறார், நான் சுவரில். ஏணியின் இரும்புக் கால் கண்ணாடியில் பட்டது. டப்.

காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் பத்துப் பேர் களத்தில். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் யாரைப் பார்ப்பது? ஏணியை வைத்தது யார்? உள்ளே சரியாகத் தள்ளாதது யார்?

சொன்னேன். "தகரம் தட்டுற கைதானே. எதத் தொட்டாலும் உடைக்கும்."

சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கம்பத்தின் உச்சியிலிருந்து கத்திப் பழகின தொண்டை.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். விளக்குமாறு வாங்கி, களத்தில் கிடந்த கண்ணாடியைக் கூட்டினார். வெறுங்காலோடு களத்தில் நடக்கிற பெண்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதற்காம். கூட்டி அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் நடந்தே இறங்கிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வளைவு திரும்பிவிட்டார்கள்.

தப்பு செய்யாதவன் என்றால் பேசியிருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். பேசாமல் இருந்தாரே, அதிலிருந்து என்ன தெரிகிறது?

மூன்றாம் நாள் அரசி போன் பண்ணினாள்.

"அப்பா, கதவு எப்படி மூடுச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லு."

"சொல்லக்கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கிட்டார். நீங்களே யோசிங்க. அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க. நீங்களா அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னாத்தான் நான் இனி மலை ஏறுவேன்."

"எதுக்கு நான் சொல்லணும்?"

வைத்துவிட்டாள். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணிக்குப் போன் வரும். எட்டு மணிக்கு நான் காப்பி டம்ளரோடு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது பழக்கம், வேறொன்றுமில்லை. வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிடிவாதம். அவள் அம்மா மாதிரி.

என்ன பார்க்கிறீர்கள்? எண்பத்தெட்டா? ஆகட்டும். உங்கள் வண்டி ஓடிப்போகாது.

கம்பெனிக்காரன் கதையைக் கேளுங்கள். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வேறு வம்பு. மதுரையில் சர்வீஸ் சென்டர். உர மூட்டைச் சாக்கை வெட்டிப் பின்னால் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அது பட்பட்டென்று அடிக்கிறது. உள்ளே போனால் ஏசி, சோபா, ஒரு பயல் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறான். காப்பி வேண்டுமா சார் என்கிறான். நான் காப்பி விளைவிக்கிறவன், எனக்கு உன் மெஷின் காப்பியா? கண்ணாடி எங்கே என்றேன்.

"ஸ்டாக் இல்ல சார். ஆர்டர் போட்டிருக்கு."

"எப்ப வரும்?"

"ட்ராக் பண்ணிட்டிருக்கோம் சார்."

பின் கண்ணாடி தம்பி அது, ராக்கெட்டா? பஸ் ஸ்டாண்டு வாசலில் எத்தனை கண்ணாடிக் கடை! ஆனால் இதற்கு ஆகாதாம். இதில் பனி போக்குகிற கம்பி ஓடுகிறதாம், வைப்பருக்கு ஓட்டை இருக்கிறதாம், வளைவு வேறாம்.

அப்புறம் வண்டியில் ஒரு ஒயரைச் செருகிக் கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையைப் பார்த்தான். வண்டி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது, தெரியுமா? கதவு எப்போது திறந்தது, யார் மூடியது, எல்லாம்.

"சார், கதவு தானா மூடல. பதினேழாம் தேதி மூணு பன்னிரண்டுக்குச் சாவியில பட்டன அமுக்கியிருக்கீங்க."

"சாவி என் மடியில இருந்துச்சு. வேட்டி மடியில. யாரும் தொடல."

"மடியில வேற என்ன சார் இருந்துச்சு?"

"மூக்குப்பொடி டப்பா."

சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "குனிஞ்சீங்களா சார்?" என்றான். சிரிக்க என்ன இருக்கிறது? நாற்பது வருஷமாக என் மடியில் பொடி டப்பா இருக்கிறது. அது ஒரு நாளும் ஒரு கதவையும் மூடினதில்லை. மெஷின் தப்பாக எழுதியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எத்தனை கரண்டு மீட்டர் பொய் சொல்லிப் பார்த்தவன் நான்.

அந்த எழுத்தேதான் அரசியின் போனிலும் வரும். வண்டி வாங்கியபோது அவள்தான் அதைத் தன் போனில் இணைத்து வைத்தாள். எனக்கு அந்தச் சின்ன எழுத்தெல்லாம் தெரியாது. சரி, அதை விடுங்கள்.

மலையில் மழை. நீங்கள் சமவெளிக்காரர், உங்களுக்கு மழை என்றால் வானத்திலிருந்து வருவது. எங்களுக்குப் பக்கவாட்டில் வரும், மேகமாக உள்ளே நுழையும். சாக்கை ஒட்டினால் டேப் பிடிக்கவில்லை. தார்ப்பாய் போட்டால் காற்று தூக்குகிறது. சீட்டில் பூஞ்சை. கல் ரோட்டில் போனால் புழுதியை உள்ளே உறிஞ்சுகிறது, மழையில் போனால் சேற்றை. பின்னால் ஏற்றின காப்பி மூட்டை நனைந்து, ஊறி, நாறிப்போனது.

குரங்கு வேறு. பின்னால் ஓட்டை இருப்பது மலையில் இருக்கிற அத்தனை குரங்குக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பறிக்கிற வேலம்மாள் கூடையை இறக்கிவிட்டுக் கத்துகிறாள்:

"ஐயா, உங்களுக்கு டிரைவர் வந்துட்டாரு! பொடி மட்டும் குடுத்துப் பழக்கிறாதீங்க!"

பத்துப் பேரும் சிரிப்பு. என் களத்தில், என் முன்னால்! அவர்களுக்கு என் மடியைப் பற்றி யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் செருப்பு மாட்டியதை அவர்களே பார்த்திருந்தார்கள் போல.

மார்கழியில் கண்ணாடி வந்தது. ஓடினேன் மதுரைக்கு. பெட்டியைப் பிரித்தால் மூலையில் கீறல். திருப்பி அனுப்பினார்கள். அடுத்தது வந்தது. வைப்பர் ஓட்டை இல்லாத கண்ணாடி. வேறு மாடலுக்கானது. அந்தப் பயல், "சாரி சார், பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றான். நான் வாயைத் திறந்தேன். நான் என்ன சொன்னேன் என்பதைப் பொது இடத்தில் சொல்ல முடியாது. காவலாளி வந்து என் கையைப் பிடித்தான். எழுபத்தொரு வயசில்.

பொங்கலுக்கு அரசி வரவில்லை. போனும் இல்லை. நான் மட்டும் பொங்கல் வைத்து என்ன செய்ய? இட்லி ஆர்டர் பண்ணிச் சாப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடவில்லை. விடுங்கள்.

பொங்கல் கழித்து ஒரு மழை. காலம் தப்பிய மழை. இரண்டாவது ஓடையில் இறங்கினேன். முன் திரையில் ஆமை படம் வந்தது. ஆமை வந்தால் வண்டிக்குப் பலமில்லை என்று அர்த்தம். நடு ஓடையில், முட்டளவு தண்ணீரில் நின்றுவிட்டது. பின்னாலிருந்து இறங்கின தண்ணீர் தரைக்கு அடியில் ஒயர் இணைப்பில் தேங்கியிருக்கிறது. விரிப்பைக் கிழித்து, இணைப்பைப் பிரித்து, என் துண்டால் துடைத்து, ஊதி, மாட்டி, ஒரு மணி நேரம். யாரைக் கூப்பிடுவது? போன் எடுத்தேன். ஒரே ஒரு நம்பர்தான் எனக்கு மனப்பாடம். கூப்பிடவில்லை. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? ஆமை போனது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை பதினோரு மணி. கல் ரோட்டில் ஒரு ஆள் ஏறி வருகிறார். தலையில் கம்பளி சுற்றின ஏதோ. கதவு மாதிரி அகலம். கிட்ட வந்ததும் தெரிந்தது. கரூர்க்காரர்.

அரசியின் போனுக்கு ஆமை போயிருக்கிறது. ஓடை, ஒரு மணி நேரம், எல்லாம் போயிருக்கிறது. நான் சொல்லாததை வண்டி சொல்லிவிட்டது. இப்படி ஒரு கோள்மூட்டி வண்டியை நான் பார்த்ததில்லை.

அவர் என்னவோ முதல் வாரத்திலிருந்தே தேடிக்கொண்டிருந்தாராம். நாமக்கல் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இதே மாடல் ஒன்று, முன் பக்கம் நசுங்கி வந்திருக்கிறது. பின் கண்ணாடி முழுசாக. கம்பி போட்டு அறுத்து எடுத்து, கம்பளியில் சுற்றி, கரூரிலிருந்து திண்டுக்கல், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து மலை பஸ். கொண்டை ஊசி வளைவெல்லாம் பின் சீட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டே, அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். உட்காரவில்லையா என்றேன். "உக்காந்தா ஆடும் மாமா" என்றார். பைத்தியக்காரத்தனம். அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் தலைச்சுமை.

நான் சுவரில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பழைய பசையைச் சுரண்டினார். நான் சுத்தமாக இருக்கிறது என்றேன். கதவின் பள்ளத்துக்குள் விரலை விட்டு, கண்ணாடித் துணுக்கை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒரு கைப்பிடி இருந்தது. அவர் விரலில் ரத்தம். வேட்டியில் துடைக்காமல் வாயில் வைத்துக்கொண்டார். கறுப்புப் பசையை ஒரே இழுப்பாகச் சுற்றிலும் விட்டார். கண்ணாடியைத் தூக்கி, வைத்து, உள்ளங்கையால் தட்டினார். தட்டுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். ஒயரை இணைத்தார். வைப்பரைப் போட்டார். இரண்டரை மணி நேரம். எழுபது நாள் கம்பெனியால் ஆகாதது.

வேலம்மாள் காப்பி கொண்டு வந்தாள். குடித்தார். சாப்பிடச் சொன்னேன்; பஸ் போய்விடும் என்றார்.

நான் விடவில்லை. கேட்டேன். "அன்னைக்கு ஏணிய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளியிருக்கலாம்ல?"

"ஆமா மாமா. தள்ளியிருக்கணும். என் தப்புதான்."

ஒத்துக்கொண்டார். கேட்டீர்களா? அவர் வாயாலேயே. எனக்கு அப்படியே நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் கையை நீட்டினார். "சாவி குடுங்க மாமா, கதவு பாக்கலாம்." மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் பொடி அப்பியிருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். கதவை ஏற்றினார், இறக்கினார். இறங்கியது, ஒட்டியது, ஒரு சத்தமில்லை. "இன்னிக்குப் பூரா வேகமா மூடாதீங்க, பசை காயணும்" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தார். புதுசு. பச்சைக் கலர் பிளாஸ்டிக். அடியில் பஞ்சு மெத்தை வெட்டி ஒட்டியிருந்தது. சாவியின் அளவுக்குச் சரியாக. சாவியை உள்ளே வைத்து, மூடி, என் கையில் கொடுத்தார்.

"இதுல போட்டு மடியில வச்சுக்குங்க மாமா. பட்டன் அமுங்காது."

சொல்லிவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் கம்பளியை மடிக்கிறார்.

கரூரிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார் தம்பி. அங்கேயே வெட்டி, அங்கேயே ஒட்டி. அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே தெரியும். விளக்குமாறு வாங்கினபோதே தெரியும். தெரிந்துகொண்டே, தகரம் தட்டுகிற கை என்று நான் சொன்னதை வாங்கிக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து போயிருக்கிறார். இப்போதும் என் தப்பு என்கிறார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நீதான் உடைச்சே கிழவா என்றிருந்தால் இல்லை என்று சண்டை போட்டிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. சோப்பு டப்பாவோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் போய் ஐந்து நாள். இன்றைக்குக் காலையில் கிளம்பிவிட்டேன். கரூருக்கா என்று கேட்கிறீர்களா? வைப்பர் லேசாகத் தட்டுகிறது, அதைக் காட்டலாமென்று. இல்லை, மழை இல்லைதான். தட்டுகிறது என்றால் தட்டுகிறது.

உள்ளே வெண்கலப் பானை, மஞ்சள் கொத்து, வாழைத்தார். பார்த்தீர்கள் அல்லவா, பளிச்சென்று தெரிகிறது கண்ணாடி வழியாக. பானை அரசி அம்மா வாங்கி வைத்தது. மகளின் தலைப்பொங்கலுக்குச் சீர் கொடுக்க. பதினோரு வருஷமாகப் பரணில் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரலாமே என்று. பொங்கல் போய் இருபது நாள் ஆகிறது, இப்போது யார் சீர் கொண்டு போவார் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சிரிக்கிறீர்கள்? ஆமாம், தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. நூறே ஆகட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கரூர் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை, அறுபதிலேயே கழற்றியிருக்கலாம், அதுவும் தெரியும். ஒரு மணி நேரமாக உங்களை உட்கார வைத்துவிட்டேன். என்னை யாராவது இப்படி உட்கார வைத்திருந்தால் நான் ஒயரைப் பிடுங்கியிருப்பேன்.

அரசி கதவைத் திறந்தால் பரவாயில்லை. அவள் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விடலாம். அவர் திறந்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது? வாங்க என்று அவர் சொல்வார். சொல்லிவிடுவார், அந்த ஆள். நான்? 'சாப்பாடு ஆச்சா' என்றா கேட்பது, அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு? கூப்பிட வேண்டும் அல்லவா? ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட வேண்டும்.

சரி, கழற்றுகிறேன். நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைத் தடவிப் பார்க்கிறீர்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறதா? ஒரு சொட்டுப் பசை வெளியே வழிந்திருக்கிறதா? இவ்வளவு சுத்தமாக யார் போட்டது என்றுதானே கேட்டீர்கள், வந்ததும் வராததுமாக?

என் மாப்பிள்ளை போட்டது. இன்னாசிமுத்து.